ஓர் உயிரெழுத்து அதிகம்

அப்பா செத்தது லோமேயில்.
நிலம் இருப்பது அஃப்லாவோவில்.
நடுவில் முள்கம்பி,
கம்பியில் யாரோ காயப்போட்ட குழந்தைச் சட்டை,
ஒரு வீட்டு வாசலிலிருந்து மறு வீட்டு வாசலுக்கு
நூற்றெண்பது எட்டு.
தலையில் ரொட்டிக் கூடை இருக்கும்போது
எண்ணாமல் வேறென்ன செய்ய?

காலையில் இங்கிருந்து நீள ரொட்டி போகும்,
தட்டினால் விறகுபோல் ஒலிக்கும் ரொட்டி.
மாலையில் அங்கிருந்து சதுர ரொட்டி வரும்,
ஜாதிக்காய் மணக்க, சர்க்கரை பிசுபிசுக்க.
இரண்டு துரைமாரும் போய்விட்டார்கள்.
அவர்கள் பசி மட்டும் எங்கள் வயிற்றில் தங்கிவிட்டது.
அதில்தான் என் பிழைப்பு. பொய் சொல்ல மாட்டேன்.

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு
நில அலுவலகம் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் செனியோ.
என் கூடையில் தினமும் கைவிடுகிற ஆள்.
"அக்கா, உன் துக்கம் எங்கள் துக்கம்" என்றார் எவே மொழியில்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.
இங்கிலீஷில் எழுதினார்: நிராகரிக்கப்பட்டது.

சான்றிதழில் ஒரு பெயராம், பத்திரத்தில் ஒரு பெயராம்.
பத்திரத்துப் பெயரின் வாலில்
யாரும் உச்சரிக்காத ஓர் உயிரெழுத்து.
"இது இரண்டு ஆள், அக்கா."
"ஒரே ஆள்தான். இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு."
"தழும்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை."

சண்டை முழுவதும் எவேயில் போட்டோம்.
அவர் அம்மாவை நான் இழுத்தேன்,
என் ரொட்டியை அவர் இழுத்தார்.
ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.
அந்த மொழிக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

பத்திரத்தை வைவதற்கும் வாய் வரவில்லை எனக்கு.
வெள்ளைக்காரன் காலத்தில்
சங்கிலி பிடித்து அளந்த நிலம் அது.
சங்கிலி தூக்கியவர்கள் கூலி கேட்டார்கள்,
பிரம்படி கிடைத்தது.
அடி வாங்கியவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு மனிதர்.
வெயில் காலத்தில்கூடச் சட்டையைக் கழற்றாதவர்.
போன வருஷம் சித்தப்பா மகன் எட்ஸே
பெட்ரோல் பங்குக்காரனிடம் முன்பணம் வாங்கிவிட்டு
நிலத்தைக் காட்டக் கூட்டிவந்தான்.
பெரியவர்கள் தொண்டையைச் செருமினார்கள்.
அவனை நிறுத்தியது
அந்தச் சங்கிலியின் கணக்குத்தான்.
இப்போது பத்திரம்
மரவள்ளி மாவுப் பானைக்குள் இருக்கிறது,
எட்ஸேக்கும் எலிக்கும் பயந்து.

நோட்டரியைப் பார்த்தேன்.
வலது கையைத் தூக்கச் சொன்னார்.
தூக்கி, பிரெஞ்சில் சத்தியம் செய்தேன்,
என் அப்பா ஒருவர்தான் என்று.
நாலாயிரம் வாங்கிக்கொண்டார்.
முத்திரை சரியாக விழவில்லை,
இன்னொரு முறை குத்தினார்.
அம்மா அவரை அகுஸ்தி என்றுதான் கூப்பிடுவாள்.
இரண்டு காகிதத்திலும் அந்த ஆள் இல்லை.

கல் செதுக்குகிறவர் எழுத்துக்கு ஐந்நூறு கேட்டார்.
"கடைசி எழுத்து வேண்டுமா?"
தலையெழுத்தே என்று நின்றேன்.
"இடம் விடுங்கள்" என்றேன் கடைசியில்,
"அலுவலகத்திலிருந்து பதில் வரட்டும்."

அடக்கத்தன்று செனியோ வந்தார்.
கம்பி தாண்டி, கறுப்புச் சட்டையில்,
கையில் தகரக் குவளையோடு.
நீள ரொட்டியைப் பால் டீயில் தோய்த்துத் தின்றார்,
அவர் ஊரில் அப்படித்தான்.
பிறகு கல்லருகே போய்
பெயருக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த இடத்தைக்
கட்டைவிரலால் தடவினார்,
முத்திரை எங்கே குத்துவது என்று தேடுகிறவர்போல.

டீ ஆறுகிறது என்றேன்.